ரேடியோவிடம் விட்ட பிள்ளை

1965ஆம் வருஷம் டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஜெபசீலன் தாம்பரம் தபாலாபீசில், வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள வேண்டிய லைசென்ஸ் எடுக்க வரிசையில் நின்றான். துணைக்கு அவன் மனைவியின் அக்காள் ரத்தினபாய் வந்திருந்தாள். ஜெபசீலனுக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. கேட்கிற கேள்விக்கெல்லாம் ரத்தினபாய்தான் பதில் சொல்ல வேண்டும். பின்னால் நின்ற ஒருவர், ரேடியோ யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். அவள் மறைக்காமல் சொன்னாள்.

“செவிடனுக்கு ரேடியோவா? நல்லாருக்குதே. அடுத்த வருஷம் எங்க தெருக் குருடனுக்கு ஒரு சினிமா டிக்கெட் எடுத்துக் குடுங்க” என்றார் அவர்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று ஜெபசீலன் ரத்தினபாயின் முகத்தைப் பார்த்தான். ஒன்றுமில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். கைக்கு வந்த லைசென்ஸ் புத்தகத்தில் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று மூன்று தரம் படித்துப் பார்த்த பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாள்.

ரேடியோ ஜெபசீலனுக்கு அல்ல. அவனுடைய இருபது மாதப் பிள்ளை வில்பிரட்டுக்கு.

பிள்ளையின் தாய் செல்வமேரிக்கும் காது கேளாது. இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு பிழைத்தவள் அவள். காய்ச்சல் இறங்கியபோது காதும் போயிருந்தது. உபதேசியாராக ஊர் ஊராய்ச் சுற்றிய தகப்பனார், ஏழு வயதில் அவளைப் பட்டணத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் விட்டார். அங்கே உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும், தொண்டையில் கை வைத்துப் பார்த்து ஒலி எழுப்பவும் பழக்கினார்கள். கை பேசினால் வாய் வராது என்பது அந்தப் பள்ளியின் சட்டம். வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் இரண்டு கையையும் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். மணி அடித்து விடுதிக்குள் போனதும் அத்தனை பிள்ளைகளும் பகலெல்லாம் அடக்கி வைத்ததைக் கையால் பேசித் தீர்த்தார்கள்.

எட்டு வருஷம் கழித்து வெளியே வந்தபோது செல்வமேரிக்கு முத்து முத்தான எழுத்து வந்திருந்தது. தையல் வந்திருந்தது. கையால் எதையும் சொல்ல வந்திருந்தது. வாயால் வந்தது இருபது முப்பது வார்த்தைதான். குழாயடியில் யாரோ அவள் குரலைப் பழித்துக் காட்டிய நாளோடு அதையும் நிறுத்திவிட்டாள்.

ரத்தினபாய் எட்டாவதோடு நின்றவள். தகப்பனார் இறந்த பிறகு சானடோரியம் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் வைக்கிற அறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. இத்தனை விரிப்பு வெளுக்கப் போனது, இத்தனை திரும்பி வந்தது, இத்தனை கிழிசல் என்று எண்ணி எழுதுகிற வேலை. அந்த வேலை அவளுக்குப் பொருந்தியது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்குச் செய்துவைத்தாள். அதே பள்ளியில் படித்து, தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலையில் இருந்த ஜெபசீலனை மாப்பிள்ளையாகத் தேடிக் கண்டுபிடித்ததும் அவள்தான். இரண்டு பேரும் பேசாதவர்களாக இருந்தால் குடும்பம் எப்படி நடக்கும் என்று கேட்டவர்களிடம், பேசுகிறவர்கள் குடும்பமெல்லாம் எப்படி நடக்கிறது என்று திருப்பிக் கேட்டாள். இரும்புலியூரில் கங்கையம்மாள் வீட்டு வரிசையில் நான்காவது குடித்தனமாக அவர்களை வைத்தாள். கங்கையம்மாள் நிலம் வைத்திருந்த குடும்பத்துக்காரி. வீட்டுக்குப் பின்னால் ஆறு மாடு கட்டிப் பால் விற்றுக்கொண்டிருந்தாள்.

1964 ஏப்ரலில் வில்பிரட் பிறந்தான். மூன்றாவது மாதம் ரத்தினபாய் அவன் தலைமாட்டில் நின்று ஒரு பித்தளைத் தட்டைக் கீழே போட்டாள். பிள்ளை தூக்கிவாரிப் போட்டு அழுதது. தற்செயலாக இருக்கலாம் என்று தள்ளி நின்று போட்டாள். வாசற்படியில் நின்றும் போட்டாள். மூன்று தரமும் அழுதது. அக்காள் சிரிப்பதைப் பார்த்துச் செல்வமேரிக்கு விஷயம் விளங்கியது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கவலை அதற்கப்புறம்தான் வந்தது. கேட்கிற பிள்ளைக்கு அந்த வீட்டில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ரத்தினபாய்க்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. பல நாள் யோசித்து, ரேடியோ ஒன்று வாங்கி வைத்து, தாள் ஒன்றில் மூன்று விதி எழுதி, அலமாரிக் கதவின் உட்பக்கம் பசை தடவி ஒட்டினாள். பிள்ளை பார்க்க யாரும் கையால் பேசக் கூடாது. பிள்ளை எழுந்தது முதல் தூங்குகிற வரை ரேடியோவை நிறுத்தக் கூடாது. ரேடியோவின் முள்ளைச் சிவப்புக் கோட்டிலிருந்து அசைக்கக் கூடாது. அந்தச் சிவப்புக் கோடு, சென்னை நிலையம் தெளிவாகக் கேட்கிற இடத்தில் அவளே சிவப்புப் பென்சிலால் போட்டது.

அவர்கள் அப்படியே செய்தார்கள். காலையில் ஜெபசீலன் குமிழைத் திருகிவிட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான். பிறகு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். பெட்டி லேசாக நடுங்கும். பேசுகிறது என்று மனைவிக்குத் தலையாட்டிவிட்டு அச்சகத்துக்குப் புறப்படுவான். பிள்ளையைப் பெட்டிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார வைத்துவிட்டு, செல்வமேரி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தையல் மிஷினை மிதிப்பாள். கணவனோடு பேச வேண்டுமானால் இருவரும் சமையல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசினார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து மதியத்துக்கு மேல் ரத்தினபாய் வரும்போதெல்லாம் ரேடியோ பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருந்தது. கோட்டிலிருந்து முள் நூலளவும் விலகவில்லை. அவள் திருப்தியோடு திரும்பிப் போனாள்.

1967 ஈஸ்டருக்கு ஜெபசீலனின் அண்ணன் லாசரஸ், மனைவி ஞானசௌந்தரியோடு பல்லாவரத்திலிருந்து வந்தார். அவர் சைதாப்பேட்டையில் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க். மனைவி பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம், குழந்தை இல்லை. ஞானசௌந்தரி வில்பிரட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டுப் பார்த்தாள். மூன்று வயதாகிற பிள்ளை அவள் வாயையே உற்றுப் பார்த்தானே தவிர ஒரு சத்தம் எழுப்பவில்லை. அவள் அவனைக் கீழே இறக்கிவிடவும் இல்லை.

ஆகஸ்டு மாதம் லாசரஸ் சானடோரியத்துக்கே வந்து ரத்தினபாயைப் பார்த்தார். வருகிற ஜூனில் கான்வென்டில் பேபி கிளாஸ் சேர்க்க வேண்டும், அதற்குள் பிள்ளை பேச வேண்டுமானால் இப்போதே தங்கள் வீட்டில் வந்து இருக்க வேண்டும் என்றார்.

“எவ்ளோ நாள் இருக்கணும் அண்ணா?”

“நாளைச் சொல்லி என்ன ஆகப்போவுது தங்கச்சி? எங்க பிள்ளையாவே வளரட்டும். ஜெபசீலன்கிட்ட நான் எழுதிக் காட்டிட்டேன், தலையைக் குனிஞ்சிக்கிட்டான். உங்க தங்கச்சிக்கு நீங்க சொன்னாத்தான் எடுபடும். பிள்ளையோட ஃபியூச்சரைப் பாருங்க.”

ரத்தினபாய் இரண்டு நாள் யோசித்தாள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. புதன்கிழமை வேலையை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொண்டு, பிள்ளையைக் கொடுத்துவிடு என்று தங்கையிடம் சொல்வதற்காகப் புறப்பட்டாள்.

வார நாளில் அந்த வீட்டுக்கு அவள் வந்ததே இல்லை. காலை பதினொரு மணி இருக்கும். வாசலை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் அடுப்பு இரைவது போல ஒரு சீறல். உள்ளே போய்ப் பார்த்தாள். ரேடியோ விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முள் சிவப்புக் கோட்டிலேயே இருந்தது. காலை நிகழ்ச்சி முடிந்து நிலையம் எப்போதோ மூடிவிட்டது. இனி நடுப்பகலுக்கு மேல்தான் திறக்கும். அப்புறம் மூடி, சாயங்காலம் திறக்கும். இது அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்ததை நினைத்துப் பார்க்கவில்லை. அந்தச் சீறலுக்கும் பெட்டி நடுங்கத்தான் செய்யும், விளக்கு எரியத்தான் செய்யும். ஒன்றே முக்கால் வருஷமாகப் பிள்ளை பாதிப் பகலை அந்தச் சீறலுக்கு முன்னால் உட்கார்ந்து கழித்திருக்கிறான்.

வில்பிரட் பாயில் உட்கார்ந்து பல்லைக் கடித்தபடி “ஷ்ஷ்ஷ்” என்று ஊதிக்கொண்டிருந்தான். அவன் எழுப்பிய ஒரே சத்தம் அதுதான்.

பெரியம்மாவைக் கண்டதும் எழுந்து வந்தான். கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்து, பிறகு அதே கையால் பானையைக் காட்டினான். தண்ணீர் வேண்டும் என்று கேட்கிறான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சமையல் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்துக் கற்றிருக்கிறான். அதே நேரத்தில் செல்வமேரி திரும்பினாள். அக்காளைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்து பிள்ளையின் கையைப் பிடித்து அவன் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். தப்பு செய்து பிடிபட்டவள் போல அக்காளைப் பார்த்தாள். பிள்ளை திமிறவில்லை. இப்படிப் பிடிக்கப்படுவது அவனுக்குப் பழகியிருந்தது.

ரத்தினபாய் ரேடியோவை நிறுத்தினாள். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அதற்கு மேல் உள்ளே இருக்க முடியாமல் பின்கட்டுக்கு வந்தாள். கங்கையம்மாள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள்.

“இன்னா நர்ஸம்மா, இன்னிக்கி ஞாயித்துக்கெழம கூட இல்லியே” என்றாள். தான் நர்ஸ் இல்லை, விரிப்பு எண்ணுகிறவள் என்று ரத்தினபாய் இரண்டு தடவை திருத்திச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. “பொட்டியை நிறுத்திட்டியா? புண்ணியமாப் போச்சி. ஒரே பேஜார். நெதம் இப்டித்தான் கொர்ருனு கத்திக்கினே கீது. போய்ச் சொல்லலாம்னா யாருகிட்ட சொல்றது?”

பிள்ளை பேச்சுக் கற்றுக்கொள்ளட்டும் என்று வைத்தது என்று ரத்தினபாய் சொன்னாள். கங்கையம்மாள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

“இந்தக் கன்னுக்குட்டிகிட்ட நான் பேசறேன், அது திரும்பிப் பாக்குது. அது கத்துனா நான் இன்னாடான்னு கேக்கறேன். அந்தப் பொட்டி நல்லா பேசற நேரத்துல கூட, புள்ள அழுதா இன்னாடா கண்ணுன்னு கேக்குமா? கேக்காத ஒண்ணுகிட்ட அது இன்னாத்துக்குப் பேசப் போவுது?”

 ரத்தினபாய் உள்ளே போய், வந்த காரியத்தைத் தாளில் எழுதித் தங்கையிடம் நீட்டினாள். லாசரஸ் வந்தார், ஜூனில் கான்வென்டில் சேர்க்கப் பிள்ளையைக் கேட்கிறார், கொடுத்துவிடுவதுதான் நல்லது என்று தோன்றுகிறது என்று எழுதியிருந்தாள். ரேடியோ விஷயத்தையும் கீழே எழுதினாள். தவறு என்னுடையது என்றும் எழுதினாள்.

செல்வமேரி படித்தாள். கைகளை உயர்த்தினாள். பிள்ளை எதிரில் இருப்பதைப் பார்த்து இறக்கிக்கொண்டாள். பிறகு மறுபடியும் உயர்த்தி, பிள்ளைக்கு முன்னாலேயே, வேகமாக, நெடுநேரம் பேசினாள். ரத்தினபாய்க்கு அதில் சோறு, தூக்கம், வலி போன்ற பத்துப் பதினைந்து சைகைதான் புரியும். இவ்வளவு பேச்சு தங்கையிடம் இருந்தது என்று இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரியாது. பிள்ளை பாயில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி தாயின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் செல்வமேரி பென்சிலை வாங்கி எழுதினாள். “என் கையை அவிழ்த்துவிடு அக்கா. நான் அவனோடு பேச வேண்டும். வாய்ப் பேச்சுக்கும் நான் வழி பார்க்கிறேன். ஜூன் வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.”

ரத்தினபாய் அலமாரிக் கதவைத் திறந்து, ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து, மூன்று விதியையும் சுரண்டி எடுத்தாள்.

லாசரஸிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அவர் சொன்ன சொல் மாறாத மனிதர். “ஜூன் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அவன் வாயால நாலு வார்த்தை கோர்வையா பேசிட்டான்னா நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். இல்லேன்னா நீங்களும் குறுக்க நிக்கக் கூடாது” என்றார். ரத்தினபாய் ஒப்புக்கொண்டாள்.

கங்கையம்மாள் கொல்லையில் விடியற்காலையும் பிற்பகலும் பால் கறக்கிற நேரத்தில் பெண்கள் சொம்போடு வந்து நிற்பார்கள். பால் வாங்கினவர்களும் உடனே போக மாட்டார்கள். இரும்புலியூரில் நடந்தது, நடக்காதது எல்லாம் அங்கே பேசப்படும். குழாயடியில் பழித்தவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவள் பெயர் கிளியம்மாள். அவளை நினைத்தே செல்வமேரி ஐந்து வருஷமாகப் பாலுக்குக் கணவனை அனுப்பிக்கொண்டிருந்தாள். அக்காள் வந்து போன மறுநாள் வியாழக்கிழமை காலை, சொம்பை ஒரு கையிலும் பிள்ளையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவளே போனாள்.

“தோ பார்ரா, ஊமச்சி வந்துகீறா. இன்னாமே, வூட்ல பொட்டி பேச மாட்டேன்னுடுச்சா?” என்று கிளியம்மாள் ஆரம்பித்தாள்.

உதட்டைப் பார்த்து செல்வமேரிக்குப் புரிந்தது. புரியாததுபோல நின்றாள். பால் வாங்கின பிறகும் போகவில்லை. மறுநாளும் வந்தாள். வெறுமனே எத்தனை நாள் நிற்க முடியும்? மூன்றாம் நாள், சாணம் குவிந்து கிடந்த மூலைக்குப் போய் உட்கார்ந்து, சேலையைச் செருகிக்கொண்டு வறட்டி தட்ட ஆரம்பித்தாள். கங்கையம்மாள் வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். செல்வமேரி பிள்ளையைக் காட்டி, தன் வாயைக் காட்டி இல்லை என்று கையை விரித்தாள். அங்கே நின்ற பெண்களின் வாய்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கங்கையம்மாளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு கையை விட்டுவிட்டாள்.

“இவ புள்ளகிட்ட எல்லாரும் பேசுங்கடி. பேசாதவளுக்குத் தண்ணிப் பாலுதான்” என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

அதற்கடுத்த வாரம் ரத்தினபாய் வந்தபோது தங்கை முழங்கை வரை சாணத்தோடு சுவரோரம் நிற்பதைக் கண்டாள். உபதேசியார் மகள், அச்சடித்த மாதிரி எழுதுகிறவள், மாட்டுக்கொட்டிலில் வறட்டி தட்டுகிறாள். ரத்தினபாய்க்கு முகம் சுருங்கியது. சபையில் நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாள். செல்வமேரி அந்த முகத்தைப் படித்துவிட்டு, சாணக் கையாலேயே கொல்லையின் நடுவைக் காட்டினாள். வில்பிரட் நான்கு பெண்களுக்கு நடுவில் குந்தியிருந்தான். ஒருத்தி பேசினால் அவள் பக்கம் தலை திரும்பியது. இன்னொருத்தி குறுக்கே பேசினால் இந்தப் பக்கம் திரும்பியது. மாட்டை அதட்டினால் மாட்டைப் பார்த்தான், அதட்டியவளைப் பார்த்தான், மறுபடி மாட்டைப் பார்த்தான்.

வீட்டுக்குள் அவனுக்கு வேறு பேச்சு நடந்தது. தாயும் தகப்பனும் தடுப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு அவன் எதிரிலேயே பேசினார்கள், அவனோடு பேசினார்கள். அடக்கி வைத்திருந்த பிள்ளையின் கை, அவிழ்த்துவிட்ட பிறகு நிற்கவே இல்லை. இரண்டே மாதத்தில் காகம் அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போனதையும், அப்பா பஸ்ஸில் ஏறும்போது செருப்பு கழன்றதையும் அவன் கையால் சொன்னான். கை பேசினால் வாய் வராது என்றுதான் ரத்தினபாய் கேள்விப்பட்டிருந்தாள். பயத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். செல்வமேரி சுவரைப் பார்த்துக்கொண்டு வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பியபோது பெண்கள் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் பிள்ளை நின்றான். பிள்ளையையும் பழிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஓடினாள். கிளியம்மாள் குறுக்கே வந்து அவள் தோளைப் பிடித்தாள். வழியில் நின்ற பசுவைக் காட்டினாள். பிள்ளை பசுவைப் பார்த்துக் கையை ஓங்கியதுபோலத் தானும் ஓங்கிக் காட்டினாள். பிறகு பிள்ளையின் வாயைத் தொட்டு, அங்கிருந்து விரல்களைக் காற்றில் பறக்கவிட்டாள்.

அவன் பசுவைப் பார்த்து “ஏய், நவுரு” என்றிருந்தான். பசுவும் நகர்ந்திருந்தது.

செல்வமேரி அப்படியே சாணத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கிளியம்மாள் அவள் பக்கத்தில் குந்தி, “அழாதமே. உன் புள்ள மாட்டையே மெரட்றான்மே” என்று, அவளுக்குத் தெரிகிற மாதிரி உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொன்னாள்.

அதற்கப்புறம் வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரத்தினபாய் ஞாயிறுதோறும் அவற்றைத் தேதியோடு எழுதி வைத்தாள். கிறிஸ்துமஸில் பதினொன்று. பொங்கலுக்கு முப்பத்தேழு. மார்ச் மாதம் எண்ணுவதை விட்டுவிட்டாள். முன் இரண்டு வருஷம் ரேடியோவில் கேட்ட செந்தமிழில் ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. வந்ததெல்லாம் மாட்டுக்கொட்டில் தமிழ்.

1968 மே மாதம் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் லாசரஸும் ஞானசௌந்தரியும் வந்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர்கள் வரவில்லை. ஞானசௌந்தரி பிள்ளைக்குக் கான்வென்ட் நிறத்தில் நீல டிராயரும் வெள்ளைச் சட்டையும் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். அட்மிஷன் பாரமும் கையில் இருந்தது, அப்பா அம்மா பெயர் எழுதுகிற இடம் மட்டும் காலியாக. பல மாதமாகப் பார்க்காதவர்களைக் கண்டு வில்பிரட் ஒன்றும் பேசாமல் தாயின் முழங்காலோடு ஒட்டிக்கொண்டான். லாசரஸ் வழக்கம்போல ஜெபசீலனையும் செல்வமேரியையும் தாண்டி ரத்தினபாயிடமே பேசினார். ஸ்கூல் ஜூன் பத்தாம் தேதி திறக்கிறது, நாம் பேசினபடிதான் என்றார்.

பிள்ளை இப்போது பேசுகிறான் என்று ரத்தினபாய் சொன்னாள். வில்பிரட்டைப் பெரியப்பாவிடம் பேசச் சொல்லித் தூண்டிப் பார்த்தாள். அவன் முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டான். லாசரஸ் இரக்கத்தோடு சிரித்தார்.  எழுதி வைத்த வார்த்தைகளையும் தேதிகளையும் எடுத்துக் காட்டலாமா என்று ரத்தினபாய் நினைத்தாள். காகிதத்தை அவர் எப்படி நம்புவார்?

செல்வமேரி எல்லோருடைய உதடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து லாசரஸுக்கும் ஞானசௌந்தரிக்கும் எதிரில் வந்து நின்றாள். கைகளை உயர்த்திப் பேசினாள். இந்தத் தடவை வேகம் இல்லை. ஒவ்வொன்றாக, நிதானமாக. ஒன்பது மாதமாகத் தங்கையிடம் கைப்பேச்சுக் கற்றிருந்தும் ரத்தினபாயால் பாதிக்கு மேல் பின்தொடர முடியவில்லை. லாசரஸ், “என்னம்மா சொல்றா?” என்று அவளைக் கேட்டார். பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், கீழேயிருந்து பதில் வந்தது.

“தர மாட்டாங்களாம்” என்றான் வில்பிரட்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. தாயின் கைகளையே பார்த்துக்கொண்டு, பால் வாங்குகிறவளுக்குச் சேதி சொல்வதுபோலச் சொன்னான்.

“நான் அம்மாகிட்டதான் கீறணுமாம். எங்கம்மா என்கிட்ட பேசுமாம், கங்காம்மா வூட்லயும் பேசுவாங்களாம். நீ இட்டுக்கினு போவக் கூடாதாம்.”

 “இது என்ன பாஷை” என்று லாசரஸ் மெதுவாகக் கேட்டார். அந்தத் தமிழை ஆபீஸ் வாசலுக்கு வெளியே கேட்டதோடு சரி; சொந்தத் தம்பி பிள்ளையின் வாயில் அவர் எதிர்பார்க்கவில்லை.

“பேசறான் அண்ணா” என்றாள் ரத்தினபாய்.

“நாலு வார்த்தைக்கு மேலயே பேசிட்டான்” என்றார் அவர்.  ஜெபசீலனின் தோளில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு எழுந்தார். ஞானசௌந்தரி பாரத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். நீல டிராயரையும் சட்டையையும் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, பிள்ளையைத் தொடாமல் வெளியே போனாள். அவள் அழுதிருந்தால்கூட ரத்தினபாய்க்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அவர்கள் படியிறங்கியதும் செல்வமேரி அக்காளைப் பிடித்துத் திருப்பி, கையால் கேட்டாள். நான் சொன்னது எல்லாவற்றையும் அவன் சொன்னானா?

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினைந்து வருஷமாக விரிப்பு எண்ணிய ரத்தினபாய்க்கு, குறைவதைக் குறையவில்லை என்று சொல்ல வராது. தங்கை பேசின நேரத்தையும் பிள்ளை பேசின நேரத்தையும் அவள் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். பிள்ளை சொன்னதைத் தாளில் எழுதிக் காட்டினாள். செல்வமேரி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். பென்சிலை வாங்கி, ஞானசௌந்தரிக்குச் சொன்னதில் விட்டுப்போனதை எழுதினாள். “அக்கா மனம் நோக வேண்டாம். ஒவ்வொரு லீவுக்கும் அவன் உங்கள் வீட்டில் இருப்பான். உங்களையும் அம்மா என்றுதான் சொல்லுவான்.”

தர மாட்டேன் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு ஞானசௌந்தரி போய்க்கொண்டிருந்தாள்.

செல்வமேரி பிள்ளையின் எதிரில் மண்டியிட்டு, அதை மறுபடியும் கையால் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். அவன் புரிந்தது என்று தலையாட்டியதும் வாசலைக் காட்டினாள். அவன் ஓடினான். பின்னாலேயே ரத்தினபாய் ஓடினாள். சந்து முனையில் ஜி.எஸ்.டி. ரோடு, லாரிகள் போகிற இடம். லாசரஸும் ஞானசௌந்தரியும் அந்த முனையை எட்டியிருந்தார்கள். பாதிச் சந்திலேயே ரத்தினபாய் பிள்ளையின் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவன் நின்ற இடத்திலிருந்து, மாட்டை அதட்டுகிற அதே தொண்டையில் கத்தினான்.

“பெரிம்மா! ஏ பெரிம்மா! லீவுக்கு நான் உங்க வூட்டுக்கு வருவேனாம்! உன்னியும் அம்மானு கூப்புடணுமாம்!”

செல்வமேரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் உதடு தெரியவில்லை. சந்து முனையில் ஞானசௌந்தரி நின்றாள். ஒரு லாரி கடந்து போனது. பிறகு அவள் மெல்லத் திரும்பினாள். அத்தனை தூரத்துக்குத் தன் பிள்ளையின் குரல் போய்ச் சேர்ந்ததைச் செல்வமேரி கண்ணால் பார்த்தாள்.